ஏலத்தில் போன ஃப்ரேம்

பெண்டாட்டிக்குத் தெரியாமல் ஒரு பொருளை வரவழைக்க மதுரையிலேயே பத்திரமான இடம் கோயில் ஆபீஸ்தான் என்று நான் நம்பினேன். கோயில் என்றால் எங்கள் சர்ச். எங்கள் ஆட்கள் கோயில் என்றுதான் சொல்வோம். அங்கே பகல் முழுக்க வாட்ச்மேன் அண்ணன் இருப்பார், கூரியர்காரன் வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்கிவைப்பார், ஒரு கேள்வி கேட்க மாட்டார். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க். அரசாங்கத்துக்குப் போகிற கடுதாசியில் ஒரு புள்ளி தப்பினாலும் கண்டுபிடித்துவிடுவேன். என் சொந்த யோசனையில் இருந்த ஓட்டை மட்டும் கண்ணில் படவில்லை.

வரவழைத்தது கார்பன் ஃப்ரேம். மலையேறும் சைக்கிளுக்கு உடம்பு மாதிரி. சக்கரம், பெடல், ஹேண்டில்பார் எதுவும் கிடையாது, வெறும் எலும்புக்கூடு. சீனாவிலிருந்து வரவேண்டும். நான் சனிக்கிழமை காலையில் திருவாதவூர் வரைக்கும் கண்மாய்க்கரையோடு போய்விட்டு வருகிறவன். என் பாதையில் இருக்கிற ஒரே மலை பழங்காநத்தத்து மேம்பாலம்தான். அதற்கு எதற்கு மலை சைக்கிள், அதுவும் கார்பனில்? ஒரு விரலில் தூக்கிவிடலாமாம் என்று யாரோ எழுதியிருந்ததைப் படித்தேன். அன்றையிலிருந்து என் அலுமினிய சைக்கிளைப் பார்க்கும்போதெல்லாம் ஆட்டுக்கல்லைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

அதிலும் ஒரு சிக்கல். வருஷப் பிறப்பன்று குடும்ப ஜெபத்தில், என் மனைவி பக்கத்தில் முழங்கால் போட்டிருக்க, வாய்விட்டுச் சொல்லியிருந்தேன்: "ஆண்டவரே, இந்த வருஷம் சைக்கிளுக்கு ஒரு சாமானும் வாங்க மாட்டேன்." யாரும் என்னைக் கேட்கவில்லை. ஜெபம் பண்ணும்போது எனக்குக் கொஞ்சம் வேகம் பிடித்துவிடும். அவள்தான் சத்தமாக "ஆமென்" போட்டாள்.

ஃப்ரேமுக்குக் கால் அளவு கேட்டார்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு சுவரோரம் நின்று, தரையிலிருந்து அளக்க வேண்டுமாம். வீட்டில் கைக்குக் கிடைத்த கெட்டி அட்டைப் புத்தகம் கீர்த்தனைப் புத்தகம்தான். அளந்து முடித்ததும் அதைத் துடைத்து, ஷெல்ஃபில் வைத்து, புத்தகத்தைக் கும்பிடுகிற வழக்கம் எங்களுக்கு இல்லாததால் ஒரு சல்யூட் மாதிரி வைத்தேன். என்ன நிறம் என்று கேட்டார்கள். கறுப்பு என்றேன். செய்கிற காரியத்துக்கு வேறென்ன நிறம் பொருந்தும்?

பணம் கட்டின நிமிஷத்திலிருந்து பயம். கார்பன் கண்ணாடி மாதிரி, கீழே போட்டால் விரிசல் விடும், காசால் தட்டிப் பார்த்துச் சத்தம் கேட்க வேண்டும் என்று படித்தேன். சுங்கத்தில் பிடித்துவைத்து, இது என்ன குழாய், எந்தத் துப்பாக்கிக்கு என்று கேட்பார்கள் என நானாகவே ஒரு கதை கட்டி, அதற்குப் பதிலும் தயார் பண்ணினேன். போனில் பார்சல் எங்கே இருக்கிறது என்று நொடிக்கொருதரம் பார்த்தேன். சென்னை, சென்னை, சென்னை என்றே காட்டியது. அறுப்பின் பண்டிகை வந்துவிட்டது, பார்சல் இன்னும் சென்னையில்தான். நல்லதாகப் போயிற்று, பண்டிகை முடிந்து நிதானமாக வரட்டும் என்று நிம்மதியாக இருந்தேன்.

அறுப்பின் பண்டிகை என்றால் எங்களுக்கு ஏலம். விளைந்ததில் முதலாவதைக் கொண்டுவந்து படைப்பார்கள். வாழைத்தார், பூசணி, சேவல், வீட்டில் சுட்ட கேக். ஆராதனை முடிந்ததும் பந்தலில் எல்லாவற்றையும் ஏலம் விட்டு, பணம் கோயிலுக்குப் போகும். பல வருஷமாக மைக் என் கையில்தான். எனக்கு வாய் ஜாஸ்தி என்பது சபைக்கே தெரியும். ஒரு எலுமிச்சம்பழத்தை ஆட்டுக்குட்டி விலைக்கு விற்றிருக்கிறேன். சுற்று ஊர்களிலிருந்து விவசாயக் குடும்பத்து ஆட்களும் சாமி வித்தியாசம் பார்க்காமல் சேவல் எடுக்க வருவார்கள்.

அந்த வருஷமும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பூசணியைப் பிள்ளை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இது அழாது, பால் கேக்காது, ஸ்கூல் ஃபீஸ் கேக்காது" என்று விற்று முடித்தேன். அடுத்தது என்ன என்று திரும்பினால், வாட்ச்மேன் அண்ணன் ஒரே விரலில் தொங்கவிட்டபடி, கறுப்பாக, பளபளப்பே இல்லாமல், கழுத்தில் ஒரு முழம் செவ்வந்தியோடு, என் ஃப்ரேமைக் கொண்டுவருகிறார். ஒரு விரலில் தூக்கலாம் என்று எழுதியிருந்தது நிஜம்தான்.

பிறகு விசாரித்ததில் அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. பெட்டி முந்தின நாளே வந்திருக்கிறது, என் போன்தான் சென்னையிலேயே நின்றுவிட்டது. என் பேர், கீழே கோயில் விலாசம். ஏலக் கமிட்டி ஆள் பேருக்கு, பண்டிகை வாரத்தில், வெளிநாட்டிலிருந்து பெட்டி வந்தால் அது என்னவாக இருக்கும்? போன வருஷம் வெளிநாட்டில் இருக்கிற குடும்பம் ஒன்று அப்படித்தான் போர்வை அனுப்பியது. பிரித்து, பீடத்தடியில் கரும்புக் கட்டுக்குப் பின்னால் சாய்த்துவைத்திருக்கிறார். நான் ஆராதனை முழுக்க அதற்கு நேரே நின்றுதான் பாடியிருக்கிறேன்.

"என்னண்ணே அது, துணி காயப்போடுற ஸ்டாண்டா?" பின்னாலிருந்து ஒரு குரல்.

"மாப்ள, சைக்கிளு மாதிரில்ல இருக்கு! வீலு எங்க?"

"பாதிச் சைக்கிளத்தான் காணிக்கை குடுத்திருக்காக. மீதி அடுத்த வருஷம் வரும்."

பந்தலே சிரித்தது.  'இது என்னோடது' என்று மைக்கில் ஒரு வரி சொன்னால் முடிந்தது. முன்வரிசையில், பெண்கள் பக்கத்தில், என் மனைவி உட்கார்ந்திருந்தாள். வருஷப் பிறப்பன்று ஆமென் போட்டவள். அந்த ஒரு வரி வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு தந்திரம் வந்தது. மட்டம்தட்டிப் பேசினால் யாரும் கேட்க மாட்டார்கள், ஓரமாகப் போட்டுவிட்டுப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

"அருமையான சகோதர சகோதரிகளே, இதுல வீலு கிடையாது, பெடல் கிடையாது, பெல்லு கூடக் கிடையாது. யாரோ வீட்டச் சுத்தம் பண்ணுனப்ப மிஞ்சினது போல. கோயில்னு ஒண்ணு இருக்கவும் நமக்குப் பழைய இரும்ப ஆக்கர் கடைக்குத் தூக்கிட்டுப் போற அலைச்சல் மிச்சம். ஓரமா வைங்கண்ணே, எடைக்குப் போட்டுக்கிருவோம்."

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. எழுந்து நின்றாள். ஏலத்தில் அவள் ஒரு எலுமிச்சம்பழம்கூடக் கேட்டதில்லை.

"நான் கேக்குறேன்" என்று ஒரு தொகை சொன்னாள்.

 அதற்குள் திருவாதவூர் பக்கத்திலிருந்து சேவல் எடுக்க வந்திருந்த விவசாயி ஒருவர் கையைத் தூக்கி, மேலே ஒரு தொகை கேட்டார். "வயக்காட்டுல தொங்கவிட்டா மயிலு கிட்ட வராதுல்ல, அம்புட்டுக் கருப்பால்ல இருக்கு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் விளக்கம் வேறு. அவள் ஏற்றினாள். அவர் ஏற்றினார். என் ஃப்ரேம் கண்மாய்க்கரை வயலில் மயில் விரட்டிக்கொண்டு தொங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. அவள் அடுத்துக் கேட்டதும் "ஒரு தரம் ரெண்டு தரம் மூணு தரம்" என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்துவிட்டேன்.

"என்னண்ணே, ரயிலா பிடிக்கப் போறீக?" என்றார் அந்த விவசாயி.

என் மனைவி வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் சொன்னாள்: "யாரோ மனசாரக் குடுத்தத அம்புட்டுப் பேருக்கு முன்னால எடைக்குப் போடுறதுன்னு சொல்றீங்களே, குடுத்த ஆளு அங்கன உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தா மனசு என்ன பாடுபடும்?"

கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மைக்கே அவர் கையில்தான் இருந்தது.

அவள் ஏலத்துக்குக் கட்டினது மிக்ஸி மாற்ற வைத்திருந்த பணம். பழைய மிக்ஸி ஊரைக் கூட்டுகிற சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. காலையில் அது சட்னி அரைக்கும்போதெல்லாம் நான் வாசலுக்குப் போய்ப் பேப்பர் படித்தேன்.

ஃப்ரேமை அவள் பீரோ ஓரத்தில் சாய்த்து, காய்ந்த துணியால் துடைத்தாள். "வீலு வாங்க வசதியில்லாத ஆளா இருக்கும். இருக்கதயாவது குடுப்போம்னு குடுத்திருக்காக" என்றாள். அந்த ஆளுக்கு மெல்ல மெல்ல ஒரு முகம் வந்துவிட்டது. கூச்ச சுபாவம், கஷ்டம், அதற்கு மேலே விசுவாசம். போதகரிடம் போய்ச் சொன்னாள். அடுத்த ஞாயிறு அவர் கையை உயர்த்தி, தன் பேரைச் சொல்லாமல் கொடுத்த அந்தப் பிள்ளையை ஆசீர்வதிக்கும்படி ஜெபித்தார். சபை ஆமென் என்றது. எனக்கு வந்த ஆமென்களிலேயே பெரியது அதுதான். குனிந்து செருப்பைத் தேடுகிற மாதிரி பாவனை பண்ணினேன். குடும்ப ஜெபத்திலும் அந்த ஆளுக்கு ஒரு இடம் கிடைத்தது. எங்கள் பிள்ளைகளுக்கு அடுத்து, எனக்கு முன்னால்.

அதோடு விட்டாளா? "இதப் பூட்டி முழுச் சைக்கிளாக்குங்க. அந்த ஆளக் கண்டுபிடிச்சுத் திருப்பிக் குடுத்துருவோம். சாமான் வாங்க மாட்டேன்னு சொன்னதெல்லாம் இதுக்குச் செல்லாது. இது நல்ல காரியம்."

ஆக, எனக்கே கொடுப்பதற்காக, என் ஃப்ரேமை, என் சபதத்துக்கு விலக்கு வாங்கிக்கொண்டு நான் பூட்ட வேண்டும்.

பழங்காநத்தத்தில் என்னோடு படித்தவன் ஒருவன் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். என் திருட்டுத்தனத்தில் அவன் கூட்டாளி. சக்கரம், முன்பக்க ஃபோர்க், கியர் எல்லாவற்றையும் ஒன்றொன்றாக வாங்கி, அவன் கடைப் பரணில்தான் ஒளித்துவைத்திருந்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"மாப்ள, நீ காணிக்கை குடுத்த கத ஊர்ல யாருக்கும் வராதுடா. சர்ச்சுல உனக்குக் கல்வெட்டு வைக்கச் சொல்லு."

"சத்தமாப் பேசாதடா. வார சனிக்கிழமை அவளும் வாரேன்னு சொல்லியிருக்கா, பாக்க."

"வரட்டும். பரணுல இருந்து எறக்குறத நேத்து வாங்கினதுன்னு சொல்லிக்கிரலாம். தூசியத் தட்டிரு."

அந்தச் சனிக்கிழமை அவள் ஒரு தூக்குவாளி நிறையப் பணியாரம் கொண்டுவந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து நாங்கள் செய்வதைப் பார்த்தாள். ஃபோர்க் உட்கார்ந்தது. சக்கரங்கள் ஏறின. ஒவ்வொரு திருகையும் அளவு காட்டுகிற ஸ்பேனரால்தான் முறுக்க வேண்டும், கூடினால் கார்பன் நொறுங்கிவிடும் என்று படித்திருந்ததால், அது 'டிக்' என்று சத்தம் போடும்போதெல்லாம் ஃப்ரேம்தான் போய்விட்டது என்று நான் துள்ளினேன். நண்பன் எனக்காகவே சும்மா இரண்டு தரம் டிக் அடித்தான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். எவ்வளவு நாள் கழித்து என்று நினைத்தேன். "அந்த ஆளு இதப் பாத்தா அழுதுரும்" என்றாள்.

கியரை மாட்டப் போனபோதுதான் நின்றது. பின் சக்கரத்தின் பக்கத்தில், ஃப்ரேமில் காது மாதிரி ஒரு சின்னத் துண்டு இருக்கும். கியர் அதில்தான் தொங்கும். அது இல்லை.

"காதக் காணோமே மாப்ள" என்றான் நண்பன். "இது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வேறவேற. இங்க கிடைக்காது."

"ஃப்ரேமுல மாட்டி வராதுடா. தனியாத்தான் வரும். மஞ்சக் கவர்ல, திருகாணியெல்லாம் போட்டு, பெட்டி மூலையில ஒட்டியிருப்பாங்க. வாட்ச்மேன் அண்ணன் கவனிக்காம அங்கனயே..."

அங்கேயே என் வாய் நின்றது.  நண்பன் நிறைந்திருந்த டயருக்கே மறுபடி காற்றடிக்க ஆரம்பித்தான்.

"மஞ்சக் கவருன்னு உங்களுக்கு யாரு சொன்னா?" என்றாள் அவள்.

விற்றவன் படம் அனுப்பியிருந்தான். அதைச் சொன்னேன். பிறகு மற்றதையும் சொன்னேன். கால் அளந்ததிலிருந்து, மூணு தரம் அவசரமாகச் சொன்னது வரைக்கும். வழக்கமாக நடுவில் ஒரு தமாஷ் வந்துவிடும் எனக்கு. அன்றைக்கு ஒன்றும் வரவில்லை.

திட்டுவாள் என்று நின்றேன். பணத்தைக் கேட்பாள், ஜெபத்தில் கொடுத்த வாக்கைக் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் ஃப்ரேமையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப அப்படி ஒரு ஆளே இல்லையா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்ல" என்றேன்.

தூக்குவாளியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நான் பஸ்ல போறேன்."

அன்று சாயங்காலம் குடும்ப ஜெபத்தில் பிள்ளைகளுக்காக ஜெபித்தாள். அடுத்து அந்த ஆள் வருகிற இடத்தில் கொஞ்சம் நின்றாள். பழக்கத்தில் வந்த வார்த்தையை விழுங்கினது எனக்குக் கேட்டது. பிறகு எனக்கு வந்தாள். எனக்காகச் சுருக்கமாகவே ஜெபித்தாள்.

மஞ்சள் கவர் கோயிலில் மெழுகுவர்த்தி வைக்கிற டிராயரில் கிடைத்தது. நண்பன் காதை மாட்டி, கியரைத் தொங்கவிட்டு, சங்கிலியைக் கோத்து, வண்டியை முடித்தான். ஒரு விரிசல் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, "இத என்ன பண்ண?" என்று கேட்டேன். கோயிலுக்கே திருப்பிக் கொடுக்கச் சொன்னால் கொடுத்துவிடுவது என்ற முடிவோடுதான் கேட்டேன்.

"என்ன பண்ணன்னா? நான் ஏலத்துல எடுத்தது. பீரோப் பக்கத்துல வைங்க" என்றாள்.

வைத்தேன். அவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. போதகரிடம் நான் போய் நடந்ததைச் சொன்னேன். சிரித்தார், ஏல மைக்கை அடுத்த வருஷம் வேறொருவரிடம் கொடுத்தார். மிக்ஸியை நான் மாற்றிக் கொடுத்தேன். அதை ஓடவிட்டுக்கொண்டே ஏதோ சொன்னாள், கேட்கவில்லை.

வண்டி இன்றைக்கும் அவளுடையதுதான். சனிக்கிழமை காலையில் நான் கேட்க வேண்டும். சில சனிக்கிழமை தருகிறாள்.