வரைபடத்தில் ஒரு சிவப்புக் கட்டம்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. பொறியியல் பட்டம் வாங்கிய சூட்டோடு நான் ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். யாழ்ப்பாணத்துக்காரி. இரண்டு ஸ்வெட்டர் போட்டும் அந்தக் குளிரில் பல் கிட்டும். வாய் மட்டும் ஓயாது. மழை பொய்த்தால் மின்சாரம் இல்லை, எண்ணெய் விலை ஏறினால் தேயிலைத் தொழிற்சாலை திண்டாடும் என்ற காலம். இன்னும் முப்பது வருடம் கழித்தும் தோட்டங்கள் தாக்குப்பிடிக்க எரிபொருளுக்கு என்ன வழி என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி.

அதில் என் பங்கு சின்னது. தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளைக் காம்பிரா என்பார்கள். ஒவ்வொரு காம்பிராவும் நாளைக்கு எவ்வளவு விறகு எரிக்கிறது, அது எங்கிருந்து வருகிறது என்று எழுத வேண்டும். தொங்கு தராசோடு வாசல் வாசலாக ஏறி இறங்கினேன். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: மிலாறு. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் குச்சி. அதை எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு. ஆனால் அந்தப் பக்கம் அந்த வருடம் கவ்வாத்தே நடக்கவில்லை. இத்தனை பேரும் என் முகத்துக்கு நேரே பொய் சொல்கிறார்களே என்று எனக்குக் கோபம் வந்தது.

கடைசிக் காம்பிராவில் ஓர் அக்கா இருந்தார். கொழுந்து பறித்து, இரண்டு பெண் பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர். அவருடைய அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நச்சரித்தேன்.

"உண்மையைச் சொன்னாத்தானே அக்கா, உங்களுக்கு ஏதும் வழி செய்யலாம்? பயப்பிடாதேங்கோ, பேர் ஒண்டும் போடமாட்டன்."

அவர் சிரித்துவிட்டு, அடுப்புக்குப் பின்னாலிருந்து கட்டைகளை இழுத்துக் காட்டினார். தொழிற்சாலைக்காகத் தோட்டம் வளர்த்த யூகலிப்டஸ் மரம்.

"எல்லாரும்தாங்க மிஸ் எடுக்குறோம். மிலாறு இல்லாட்டி என்னாத்த எரிக்கிறது? தொரைக்கு மட்டும் தெரிஞ்சிறக் கூடாதுங்க."

நான் பெயர் போடவில்லை. ஆனால் அறிக்கையோடு லயத்தின் வரைபடம் ஒன்றை வரைந்தேன். காம்பிராவுக்கு ஒரு கட்டம். மிலாறு எரிக்கும் வீடு பச்சை, மரக்கட்டை எரிக்கும் வீடு சிவப்பு. அவரவர் வாயால் சொன்னபடியே பதினொரு பச்சை, கடைசியில் ஒரே ஒரு சிவப்பு. பேராசிரியரே பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அனுமதி தந்த தோட்டத்துக்கும் மரியாதைக்காக ஒரு பிரதி போனது. அதை உறையிலிட்டு அனுப்பியவளும் நான்தான்.

நாலு மாதம் கழித்து, விறகு குறைவாகத் தின்னும் புது அடுப்புகளைப் பரிசோதிக்க மறுபடி போனேன். துரை, அதாவது தோட்டத்து முகாமையாளர், என்னை உட்கார வைத்து நன்றி சொன்னார். மரம் திருடும் வீட்டை உங்கள் படத்தைப் பார்த்துத்தான் பிடித்தோம் என்றார். லயத்துக்கு எப்படி நடந்து போனேன் என்றே நினைவில்லை.

அக்கா முகம் மலர "வாங்க மிஸ்" என்றுதான் கூப்பிட்டார். காவலாளி நேரே அவர் வீட்டுக்கு வந்து கட்டைகளை அள்ளிக்கொண்டு போனானாம். இரண்டு கிழமை வேலை கொடுக்கவில்லையாம்.

"ஒரு தேத்தண்ணி வச்சுக் குடுக்க முடியலங்க மிஸ், வெறகு இல்ல" என்று கூசினார். பிறகு பக்கத்து வீட்டுச் சுவரைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினார். "இவதாங்க காட்டிக் குடுத்துட்டா. கூடவே வெறகுக்கு வந்தவ. எல்லாரும் எடுக்கையில, என் வீட்டுக்கு மட்டும் எப்புடிங்க வந்தானுங்க? இனி செத்தாலும் அவ மொகத்துல முழிக்க மாட்டேன்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் லயத்தில் ஒருவரும் நான் கொண்டுவந்த புது அடுப்பைத் தொட மாட்டார்கள், என் வேலையும் போய்விடும் என்று மனசு அவசர அவசரமாகக் காரணம் தேடியது. "ஓம் அக்கா" என்று தலையாட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

ஏழெட்டு வருடம் கழித்து, வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, துணிச்சலை வரவழைத்துக்கொண்டு லயத்துக்கு ஏறினேன். கடைசிக் காம்பிராவில் யாரோ புதுக் குடும்பம். பக்கத்து வீட்டுப் பெண் மட்டும் அங்கேயே இருந்தார். வாசலில் நின்றபடியே வரைபடத்தையும், நான் வாயை மூடிக்கொண்டு போனதையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் திட்டினால் தேவலை என்று இருந்தது. அவர் திட்டவில்லை.

"இத அவகிட்டல்ல சொல்லியிருக்கணும் மிஸ்? போன தை மாசந்தான் போய்ச் சேந்துட்டா. கடைசி வரைக்கும் எங்கூடப் பேசல. எழவுக்குப் போனேன், மகளுக வாசல்லயே நிப்பாட்டிட்டாளுக."

வருங்காலத்தில் இந்தத் தோட்டங்கள் எதை எரித்துப் பிழைக்கும் என்று பக்கம் பக்கமாக எழுதிய எனக்கு, அன்று அந்த அடுப்படியில் "நான்தான் அக்கா" என்ற இரண்டே சொற்கள் வாயில் வரவில்லை. இப்போது அவை தயாராக இருக்கின்றன, கேட்கத்தான் ஆள் இல்லை.