சாம்பிள் காட்டி வாங்கிய ரேடியேட்டர் மூடி

ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும் என்று ஒரு கராஜில் சொல்லி அனுப்பிய வண்டியை ஓட்டிக்கொண்டு செல்வி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மதிய நேரம். போனட் ஓரத்தில் ஆவி வந்துகொண்டிருந்தது. அவள் முகத்திலும் கிட்டத்தட்ட அதே நிலைமைதான்.

நான் ஆறாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். ஆனால் பெங்களூர் நீலசந்திராவில் எந்த டிரைவரிடம் வேண்டுமானாலும் என்னைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார். யார் தயவும் இல்லாமல் சொந்தமாக ஷெட் போட்டு, அதிலேயே இரண்டு பெண்களைப் படிக்க வைத்து, இப்போது ஷெட்டை மூடிவிட்டு ஓய்வில் இருக்கிறேன். ஓய்வு என்பது பேச்சுக்குத்தான். வண்டிகள் என்னை விடுவதில்லை. தன் வண்டியைத் தானே பார்த்துக்கொள்ள நினைக்கும் பிள்ளைகளுக்கு உபயோகப்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

செல்வி ஜீவனஹள்ளிக்காரி. செகண்ட் ஹாண்டில் வாங்கிய ஏழு சீட்டர் வண்டியில், அத்திபெலே பக்கம் ஒரு ஃபேக்டரிக்குக் காலையும் மாலையும் ஆள் ஏற்றுகிறாள். ஆயில், ஏர் ஃபில்டர், பிரேக் பேட் எல்லாம் அவளே மாற்றிக்கொள்வாள். என் அளவுக்கு இல்லை என்றாலும் சுத்தமான கை. அந்த வண்டி ஓசூர் ரோட்டு நெரிசலில் சூடாகி, ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் கொதித்து வெளியே கொட்டி, இரண்டு தடவை ஷிப்டுக்குப் போகிறவர்களை நடுரோட்டில் நிறுத்திவிட்டது. இன்னொரு தடவை நின்றால் வேறு வண்டி போட்டுக்கொள்வோம் என்று ஃபேக்டரி சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். இன்ஜினை இறக்கினால் ஒரு வாரம் வண்டி ஓடாது. அப்போதும் டிரிப் போய்விடும். மறுநாள் காலையில் அவள் போயே ஆக வேண்டும்.

“என்னென்ன மாத்துன?” என்று கேட்டேன்.

“கூலன்ட் புதுசுண்ணா. தெர்மோஸ்டாட் புதுசு. ரேடியேட்டர் மூடி கூட புதுசு. ஃபேன் ஓடுது, பம்பு நல்லாருக்கு, எங்கயும் ஒழுகல.”

“கேஸ்கெட் போச்சுன்னு சொன்னவன் ரேடியேட்டர் பைப்பத் தொட்டுப் பார்த்தானா?”

“பார்த்த மாதிரி தெரியல. போனட்ட தொறந்தாங்க, தலைய ஆட்டுனாங்க.”

“தலைய ஆட்டறதுக்கு ஷெட்டு எதுக்கு?”

இன்ஜின் ஆறும் வரை காத்திருந்து, கொட்டின கூலன்டுக்குப் பதில் புதிதாக ஊற்றி இன்ஜினை ஓடவிட்டேன். சூடேறி ஃபேன் சுற்ற ஆரம்பித்ததும், கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டரின் மேல் பைப்பை அழுத்தினேன். காற்றுப் போன சைக்கிள் ட்யூப் மாதிரி தொளதொளவென்று இருந்தது. எனக்கு அது போதும். கேஸ்கெட் போயிருந்தால், இன்ஜின் புகை கூலன்டுக்குள் புகுந்து, குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணின கொஞ்ச நேரத்திலேயே இந்தப் பைப் விறைத்துக்கொள்ளும். இங்கே சூடான பிறகும் பிரஷர் ஏறவே இல்லை. குக்கர் மாதிரிதான் ரேடியேட்டரும். பிரஷரைப் பிடித்து வைத்தால்தான் தண்ணீர் சீக்கிரம் கொதிக்காது. பெங்களூர் உயரமான ஊர் வேறு, சென்னையை விட இங்கே தண்ணீர் முன்னாடியே கொதித்துவிடும். பிரஷரைப் பிடித்து வைப்பது மூடியின் வேலை.

“மூடிதான் புதுசாச்சேண்ணா” என்றாள்.

“புதுசா இருந்தா சரியானதா ஆயிடுமா?”

சூடான மூடியை யாரும் திறக்காதீர்கள், முகம் வெந்துபோகும். டீ குடித்துவிட்டு, நன்றாக ஆறின பிறகு திறந்து அவள் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடியில் இருக்கும் ரப்பரை விரலால் தடவினாள்.

“அண்ணா, ரெண்டு வாரமா இது உள்ளதான் இருக்கு. ரப்பர்ல வளையமா ஒரு அச்சு விழுந்திருக்கணுமே, ஒண்ணுமே காணோம். இது அடியில போய் உக்காரவே இல்ல.”

நானும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள், போகட்டும்.

“இத எப்படி வாங்குன?”

“பழசக் கொண்டுபோய் காட்டித்தான். அச்சு அசல் அதே மாதிரி குடுத்தாங்க.”

நம் ஊரில் எல்லோரும் இப்படித்தான் வாங்குகிறோம். பழையதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போய் கடையில் நீட்டுவது. கடைக்காரரும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பொருத்தமாக ஒன்றை எடுத்துக் கொடுப்பார். ஆனால் செகண்ட் ஹாண்ட் வண்டியில் இருந்த பழைய மூடி அந்த வண்டியோடதுதானா என்று யாருக்குத் தெரியும்? முன்னாடி வைத்திருந்தவர் அவசரத்துக்கு வேறு எதையோ மாட்டியிருக்கிறார். தப்பான சாம்பிளுக்கு இவள் அதே தப்பைப் புதுசாக வாங்கி வந்திருக்கிறாள்.

உடனே வண்டிச் சாமான் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டுக்கு என் ஸ்கூட்டரில் கிளம்பினோம். எனக்குப் பழக்கமான பாய் கடை.

“சாம்பிள் குடு குரு” என்றார் பாய்.

“சாம்பிள் கிடையாது. சேஸிஸ் நம்பர் இருக்கு, கம்ப்யூட்டர்ல போடுங்க.”

“அரே, ஒரு மூடிக்கு சேஸிஸ் நம்பரா? பொண்ணு பார்க்க வந்த மாதிரி ஜாதகத்த நீட்டுறியே.”

“ஜாதகம் பார்க்காம முடிச்சுத்தான் ரெண்டு தடவ நடுரோட்ல நின்னேன் பாய்” என்றாள் செல்வி.

பாய் சிரித்துக்கொண்டே நம்பரைத் தட்டினார். வந்த மூடியை, கழற்றிக் கொண்டுவந்திருந்த தப்பான மூடியின் பக்கத்தில் வைத்தோம். மேலே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கவிழ்த்துப் பார்த்தால் புதியதன் ஸ்பிரிங் தண்டு ஒரு நெல்மணி கனத்துக்கு நீளம். அந்த நெல்மணிக்காகத்தான் இன்ஜினை இறக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

வந்து மாட்டினதும் அவளையே ஓட்டச் சொல்லி, சாயங்கால நெரிசலில் ஒரு சுற்றுப் போய் வந்தோம். பைப் கட்டையாக விறைத்து நின்றது. ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

ஆகவே பிள்ளைகளே, சாமான் வாங்கப் போகும்போது பழையதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். வண்டியின் சேஸிஸ் நம்பரைக் கொண்டுபோங்கள். உங்களுக்கு முன்னால் அந்த வண்டியை யார் யார் தொட்டார்களோ, அவர்கள் செய்ததெல்லாம் அந்தப் பழைய சாமானில் இருக்கும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானாகக் கற்றுக்கொண்டது. உங்களுக்குச் சும்மா தருகிறேன்.

மறுநாள் காலையில் செல்வி போன் பண்ணினாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“ஃபேக்டரி கேட்டுக்கு வந்துட்டேண்ணா. ஹீட் மீட்டர் முள்ளு அசையல. ஏசி கூட போட்டேன்.”

“ஏம்மா ரகசியம் பேசற?”

“இத்தன நாள் எல்லாரும் அந்த முள்ளையே பார்த்துட்டு வருவாங்க. இன்னிக்கு சில்க் போர்டு தாண்டறதுக்குள்ள பின்னாடி அத்தன பேரும் தூங்கிட்டாங்க. ஷிப்டுக்கு இன்னும் நேரம் இருக்கு. எழுப்ப மனசு வரல.”

தூங்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.