இரண்டாம் நம்பர் கயிறு

வாட்டி இம்லாக்கிடம் அந்தக் கேள்வியைக் கேட்காத உள்ளூர்க்காரர்கள் உண்டு. கேட்காத வெளியூர்க்காரர் ஒருவர்கூட இல்லை.

போர்ட்லீஹன், மோரே கடற்கரையில் ஒரு மீன்பிடி ஊர். வாட்டி அங்கே ஸ்கூல் பஸ் ஓட்டினார். கல்யாணம், சாவு, புத்தாண்டு என்று யாராவது கூப்பிட்டால் அப்பா விட்டுப்போன கில்ட்டை, அந்தப் பக்கத்து ஆண்கள் கட்டும் பாவாடையை, இடுப்பில் சுற்றிக்கொண்டு, பேக்பைப் வாத்தியத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கனத்த கம்பளி, பின்பக்கம் நெருக்கமான மடிப்பு, முழங்கால் வரை நீளம். அதோடு ரயிலடியில் நின்றால் போதும், முன்பின் தெரியாத ஒரு ஆள் பல்லை இளித்துக்கொண்டு வந்துவிடுவான்: "ஏங்க, உள்ள என்ன போட்டிருக்கீங்க?"

நம்மூரில் வேட்டி கட்டியவனை வழிமறித்து இப்படிக் கேட்டுப் பாருங்கள். பல்லைத் தட்டிக் கையில் கொடுத்துவிடுவான். இங்கே சிரிக்க வேண்டும். கேட்டவன் சிரிப்பான், பக்கத்தில் நிற்பவன் சிரிப்பான், நாமும் சிரித்து ஏதாவது சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முசுடு என்ற பெயர் வரும், அடுத்த கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள்.

வாட்டி ஆளுக்கேற்ற பதில் வைத்திருந்தார். வயதான அம்மாள்கள் கேட்டால், "ரெண்டு காலு இருக்கும்மா. ரெண்டும் வலிக்குது, ஒண்ணு எடுத்துக்கிறீங்களா?" குடிகாரன் கேட்டால், "உங்க அத்தைக்குத் தெரியுமே, போய்க் கேளு." இளசுகள் கேட்டால், "வடகடல் காத்துப்பா. வரி கிடையாது." முப்பது வருடங்களாக இதையே சொல்லி வந்தார். அலுத்துப்போகவில்லையா என்று அவரை யாரும் கேட்டதில்லை.

கேள்வியாவது பரவாயில்லை. கைதான் தொல்லை. பேக்பைப் வாசிப்பவனுக்கு வாய் ஊதுகுழலில் இருக்கும், அக்குளில் பை, இரண்டு கையும் துளைகளின் மேல். பின்னாலிருந்து எவளாவது மடிப்பைத் தூக்கினால் தட்டிவிடக்கூட அவனுக்குக் கை கிடையாது. அது தெரிந்துதான் தூக்குகிறார்கள். வாட்டி பல முறை அப்படியே நின்று பாட்டை வாசித்து முடித்திருக்கிறார். வீட்டுக்கு வந்து இரண்டு தடவை குளிப்பார். கல்யாணம் ஆகாதவர், சொல்லி அழ ஆள் கிடையாது. தம்பி டூகலிடம் ஒரு முறை சொன்னார். டூகல் விழுந்து விழுந்து சிரித்தான்.

டூகலின் மகள் மோராக்குக்குக் கல்யாணம் நடந்தது. வாட்டி வாசித்தபடி மணமக்களை விருந்துக்கூடத்துக்குள் அழைத்து வந்தார். மாப்பிள்ளையின் சித்தி, நல்ல போதையில், மேசையிலிருந்து எழுந்து வந்து கில்ட்டுக்குள் கையை விட்டாள். தூக்கிப் பார்க்கவில்லை, கையையே விட்டாள். கூடம் அதிரச் சிரிப்பு. முப்பது வருடம் தாங்கிய ஏதோ ஒன்று அன்று வாட்டிக்குள் அறுந்துபோனது. வாசிப்பை நிறுத்தி முழங்கையை வீசினார். அவள் சரிந்து கேக் மேசையின் மேல் விழுந்தாள், கேக்கோடு தரைக்கு வந்தாள். மணப்பெண் அழுதாள்.

"முப்பது வருஷமா சிரிச்சே சமாளிச்சவன்தானே நீ! என் பொண்ணு கல்யாணத்துல மட்டும் உனக்குச் சிரிப்பு வரலையா?" என்று டூகல் எல்லார் முன்னாலும் கத்தினான்.

"அவ கையை எங்க வெச்சா தெரியுமாடா?"

"எங்க வெச்சா என்ன? நீ என்ன வயசுக்கு வந்த பொண்ணா?"

அண்ணன் தம்பி பேசிக்கொண்டது அதுதான் கடைசி. இரண்டு வருடங்கள் ஒரே தெருவில் எதிரும் புதிருமாக நடந்தார்கள். பிறகு ஒரு காலை, ரொட்டிக் கடையில் வரிசையில் நின்றபடியே டூகல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான்.

இந்த ஊரில் சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்குவது வீட்டு ஆட்கள். பெட்டியில் எட்டுக் கயிறுகள், ஒவ்வொன்றுக்கும் நம்பர்; பிடிக்க வேண்டியவருக்கு அந்த நம்பர் போட்ட கார்டு முன்கூட்டியே போகும். தலைமாட்டுக் கயிறு ஒன்றாம் நம்பர், மூத்த மகனுக்கு. கால்மாட்டுக் கயிறு இரண்டாம் நம்பர், அதற்கடுத்த உறவுக்கு. யாருக்குக் கயிறு கொடுத்தார்கள், யாருக்குக் கொடுக்கவில்லை என்பதைப் பேரன் காலம் வரை பேசுவார்கள். உடன்பிறந்தவனுக்குக் கயிறு இல்லையென்றால் அவன் உறவே இல்லையென்று ஊருக்குச் சொன்ன மாதிரி.

வாட்டிக்குக் கார்டு வரவில்லை. கல்லறைத் தோட்ட வாசலில் நின்று வாசிக்க மட்டும் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மாட்டேன் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

அடக்கத்தன்று காலையில் கதவு தட்டப்பட்டது. டூகலின் மனைவி ஐனா நின்றாள். கறுப்புக் கோட்டு, வீங்கின கண். கார்டை அவர் கையில் வைத்து விரல்களை மூடினாள். நம்பர் இரண்டு.

"வாசல்ல வாசிச்சு அவரை உள்ள கூட்டிட்டு வா. அப்புறம் பையை வெச்சுட்டு வந்து கயித்தைப் பிடி. அவரு உள்ளுக்குள்ள உன்னை நினைச்சுட்டுத்தான் இருந்தாரு, வாட்டி."

வாட்டி தலையை ஆட்டினார்.

"ஒண்ணே ஒண்ணு. சம்பந்தி வீட்டுக்காரங்க எல்லாம் வர்றாங்க. பழைய மடத்தைப் பாக்க டூரிஸ்ட் பஸ் வேற வரும். யார் என்ன கேட்டாலும் இன்னைக்குச் சண்டை மட்டும் வேணாம்."

"சத்தியமா இல்ல ஐனா."

கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே இடிந்த மடம் ஒன்று இருக்கிறது, அதனால் பஸ்கள் வாசலிலேயே நிற்கும். வாட்டி கால் மணி முன்னதாகவே போய், கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நின்றார். பஸ்ஸிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். ஊதா மழைக்கோட்டுப் பெண்மணி ஒருத்தி நேராக அவரிடம் வந்தாள்.

"நான் கேட்டே ஆகணும்! உள்ள என்ன போட்டிருக்கீங்க?"

கேட்கும்போதே அவள் கை விளிம்புக்கு வந்துவிட்டது. வாட்டியின் முழங்கை இறுகியது. சத்தியம் நினைவுக்கு வந்தது. சிரிப்பு வரலையா என்ற தம்பியின் குரலும் வந்தது. சரிடா, உனக்காகச் சிரிக்கிறேன் என்று நினைத்து ஒதுங்கி நின்றார்.

"ரெண்டு காலும்மா. ஒண்ணு எடுத்துக்கிறீங்களா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இன்னொருத்தி அவர் தோளில் கை போட்டாள், மூன்றாமவள் போனைத் தூக்கினாள், "இன்னொரு ஜோக் சொல்லுங்க" என்றார்கள். வாட்டி சொன்னார். வடகடல் காற்றைச் சொன்னார். எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரிக்க, நடுவில் அவரும் வாய் விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தபோது தெருமுனையில் டூகலின் பெட்டியை ஏற்றிய கறுப்புக் கார் ஓசையில்லாமல் திரும்பிவிட்டது.

பையை அக்குளில் செருகி ஊதினார். அது உடனே பேசும் வாத்தியமல்ல. காற்று நிரம்ப வேண்டும், குழல்கள் சுருதி சேர வேண்டும். அதற்குள் கார் வாசலைக் கடந்தது. தம்பி பாட்டில்லாமல் உள்ளே போனான். காருக்குப் பின்னால் நடந்து வந்த ஐனா, தோளில் இன்னும் அந்தப் பெண்ணின் கையோடு நின்றவரை ஒரு பார்வை பார்த்தாள்.

குழியருகே போவதற்குள் டூகலின் மகன் ஈவன் எதிரே வந்தான். அவன் கண்கள் தரையில் இருந்தன.

"பெரியப்பா, கார்டை அம்மா கேக்கறாங்க."

"டேய், அவ சொன்னதைத்தானேடா செஞ்சேன்! சண்டை போடாம இருந்தேன்!"

"சண்டை வேணாம்னாங்க. அப்பா வர்ற நேரத்துல கூத்தடிக்கச் சொல்லலை. குடுங்க பெரியப்பா. நீங்க அங்க தள்ளி நின்னு வாசிங்க, போதும்."

கொடுத்தார். வேறென்ன செய்வது? கார்டு யாரிடம் போகிறது என்று பார்த்தார். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையின் சித்தப்பாவிடம், கேக் மேசையில் விழுந்தவளின் புருஷனிடம் போனது. அந்த மனிதர் டூகலோடு ஐந்து வார்த்தை பேசியிருப்பாரா என்பது சந்தேகம். தொப்பியைக் கழற்றிவிட்டுக் கால்மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

வாட்டி மதிலோரம் நின்று வாசித்தார். சுருதி ஒரு இடத்திலும் பிசகவில்லை. பெட்டி இறங்கியது, எட்டுக் கயிறுகளையும் உள்ளே போட்டார்கள், மண் விழுந்தது. ஒவ்வொருவராக ஓட்டலில் சூப்பும் இறைச்சி வைத்துச் சுட்ட பேஸ்ட்ரியும் சாப்பிடப் புறப்பட்டார்கள். அவரைக் கடந்தவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு கடந்தார்கள்.

பஸ் ஹாரன் அடித்தது. ஊதா மழைக்கோட்டுக்காரி அவசரமாக வந்தாள்.

"ரொம்ப அழகா வாசிச்சீங்க. செத்துப்போனவரை உங்களுக்குத் தெரியுமா, இல்ல சும்மா வாசிக்கக் கூப்பிட்டாங்களா?"

முப்பது வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. வாட்டியிடம் இதற்குத் தயாராகப் பதில் எதுவும் இல்லை. முகம் மட்டும் பழக்கத்தில் சிரித்த மாதிரியே இருந்தது.

"தெரியும்மா," என்றார். "என் கூடப்பொறந்த தம்பி."

அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு பெரிதாகச் சிரித்து, அவர் புஜத்தில் செல்லமாக ஒரு தட்டு தட்டினாள்.

"ஐயோ, உங்ககிட்ட எதைக் கேட்டாலும் ஒரு ஜோக் வெச்சிருக்கீங்க!"

அதைச் சொல்லிக்கொண்டே போய் பஸ்ஸில் ஏறினாள்.