புது மிஷின் யாருக்கு

அந்த ஆய்வகத்தில் எந்தக் கணக்கை எந்தக் கணினியில் ஓட்டுவது என்று முடிவு செய்பவர் அவளுடைய கணவர்தான். கணினிகள் எல்லாம் ஒரே ரகமில்லை. பாதி, விசிறிச் சத்தம் காதைப் பிளக்கும் கிழடுகள். மீதி, அண்மையில் வந்து இறங்கியவை. அவள் மாடியில் மருந்துக்கான மூலக்கூறுகளைக் கணினியில் சோதித்துக்கொண்டிருந்தாள். சலுகை கேட்டு ஒருநாளும் கணவர் முன் நின்றதில்லை என்பதில் கொஞ்சம் பெருமை உண்டு.

அந்தப் பெருமையில் மண் விழுந்தது புயல்காரி வந்த பிறகு. புயலின் போக்கைக் கணக்கிட வந்த பெண்ணுக்கு இவள் மனசுக்குள் வைத்த பெயர் அது. சின்ன வயசு, சிரித்த முகம். புயல்காரியின் வேலை வந்தால் புது மிஷின்கள். இவளுக்கு எப்போதும் கிழடுகள். படிக்கட்டில் பார்த்தால், "அக்கா, சார் இல்லேன்னா என் வேலை நடக்கவே நடக்காது" என்பாள் புயல்காரி. அந்த 'அக்கா'வில் இவளுக்கு வயிறு பற்றி எரியும்.

ஒருநாள் சாப்பிடும்போது கேட்டேவிட்டாள்.

"என்னங்க, புதுசெல்லாம் அவளுக்கு மட்டும்தானா?"

"அவ வேலை அப்படி. பல மிஷினுக்குப் பிரிச்சுக் கொடுத்தாலும், ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டோட விடைக்காகக் காத்து நிக்கும். நடுவுல ஒரு கிழடு மாட்டினா மொத்தமும் அது வேகத்துலதான் நகரும். உன்னோடது தனித்தனி. எங்க போட்டாலும் ஓடும்."

"எங்க வேணா தள்ளிடலாம், இல்ல?" என்று தட்டோடு எழுந்துவிட்டாள்.

அடுத்த வாரம், தன் துண்டுகளும் ஒன்றுக்கொன்று காத்திருப்பவை என்று பொய்யாகக் குறித்து அனுப்பினாள். அவர் சந்தேகப்படவில்லை. புது மிஷின்களில் பாதியை அவளுக்கு ஒதுக்கினார். புயல் கணக்கில் பாதி கிழடுகளுக்குப் போனது. அவர் சொன்னபடியே ஆயிற்று. மீதிப் புது மிஷின்கள் தங்கள் பங்கை முடித்துவிட்டு, கிழடுகளுக்காகச் சும்மா கிடந்தன.

மத்தியானம் கீழே இறங்கியவள் கண்ணாடிக் கதவருகே நின்றுவிட்டாள். புயல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து கணக்கு ஏன் நகரவில்லை என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து இப்படித்தான் என்றார் துப்புரவுக்காரர். தன் கையாலேயே இருவரையும் ஒரே மேஜையில் சேர்த்துவிட்டோமே என்று அவளுக்கு உறைத்தது. விறுவிறுவென்று உள்ளே போனாள்.

"என் வேலை தனித்தனிதான். வேணும்னே மாத்திக் குறிச்சேன். பழசுக்கே தள்ளிடுங்க."

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். மிஷின்களை மாற்றிக் கொடுத்தார்.

"பரவாயில்லக்கா" என்றாள் புயல்காரி.

வீட்டுக்குப் போகும் வழியில் அவர் மெல்ல ஆரம்பித்தார். "ஏன் அப்படிப் பண்ணினே?"

"அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டீங்களே. எனக்கு எப்பப் போட்டிருக்கீங்க?"



அந்த மாதக் கடைசியில் புயல்காரி தன் வரைபடத்தை எல்லாருக்கும் காட்டினாள். கூடமே கை தட்டியது. இவளும் தட்டினாள், கணவர் எவ்வளவு நேரம் தட்டுகிறார் என்று ஓரக்கண்ணால் பார்த்தபடி.