கொங்கோனிக்கு மசஞ்சா சொன்ன விலை

பல் துலக்கும் முன்பே மசஞ்சா செல்பேசியைக் கையில் எடுத்துவிடுவான். சட்டை நுனியால் திரையைத் துடைத்து, கட்டைவிரலில் ஒருமுறை ஊதிக்கொண்டு, ஊரறிந்த கம்பெனிப் பெயர் ஒன்றைத் தட்டுவான். ஓரெழுத்தை விட்டு, ஓரெழுத்தைக் கூட்டி, நடுவில் ஒரு கோடு போட்டு. அந்த இணைய முகவரி யார் பேரிலும் இல்லை என்று திரை சொன்னால் போதும். உடனே தன் பேரில் பதிந்துகொள்வான்.

இப்படி முப்பத்தொரு முகவரிகள். ஏரிக்கரை ஊரான முவான்ஸாவின் பஸ் நிலையத்தில் செல்பேசி உறை விற்பவனுக்கு வேறென்ன சொத்து? அவற்றில் பெரிய மீன் கொங்கோனி சோப்பு. அந்த நுரை படாத முதுகு நாட்டில் கிடையாது. கம்பெனிக்காரர்கள் ஒருநாள் தேடி வருவார்கள், அந்தப் பணத்தில் கூரையுள்ள ஒரு கடை எடுக்கலாம் என்று மூன்று வருடமாகக் காத்திருந்தான்.

"அடுத்தவன் வாசல்ல பாயை விரிச்சுப் படுத்துக்கிட்டு வாடகை கேக்குற," என்றாள் மனைவி கபூலா.

"காலியா கெடந்த எடம், மயாலா அம்மா."

"வாசல்னா காலியாத்தான் கெடக்கும், மயாலா அப்பா."

உறை வாங்க வந்த வக்கீல் குமாஸ்தா ஒருவர் எச்சரித்திருந்தார்: "கொங்கோனின்னா மான்தானே? அந்த முகவரியில மான் படம் நாலு போட்டு வை. கேட்டா மான் பிரியன்னு சொல்லு. வெல மட்டும் வாயில வரக்கூடாது. வந்தா, விக்கத்தான் பதிஞ்சேன்னு நீயே எழுதிக் குடுத்த மாதிரி."

மசஞ்சா படம் போட்டான்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அழைப்பு வந்தது.

"அண்ணே, கொங்கோனி கம்பெனியிலேருந்து நயீமா பேசுறேன். வீட்ல சௌக்கியமா? வேலையெல்லாம் எப்படி? ஏரிப் பக்கம் வெயில் எப்படி?" எல்லாம் விசாரித்த பிறகுதான் கேட்டாள்: "அந்த முகவரிய என்ன வெலைக்கு விடுவீங்க?"

'விக்கிறதுக்கு இல்ல' என்று சொல்ல வாயெடுத்தான். விலை கேட்டவரிடம் அப்படிச் சொல்லி அவனுக்குப் பழக்கமே இல்லை. ஓர் உறைக்கே மூன்று மடங்கு சொல்லித் தொடங்குகிறவன்.

"ஒன்றரைக் கோடி ஷில்லிங்."

அவள் சிரிக்க வேண்டும், பகல் கொள்ளையா என்று கத்த வேண்டும், பாதிக்குக் கேட்க வேண்டும்.

"நன்றிண்ணே," என்று வைத்துவிட்டாள்.

முதல் விலைக்கு நன்றி சொல்லும் ஆளை அந்தச் சந்தையில் யாரும் கண்டதில்லை. உறைகளை நிறம் பார்த்து அடுக்கினான், கலைத்தான், மறுபடி அடுக்கினான். பச்சை கேட்டவருக்குச் சிவப்பைக் கொடுத்தான். வீட்டில் உகாலிக் களியை உருட்டி, மீன் குழம்பில் தொடாமலே திரும்ப வைத்தான்.

"என்ன, மான் கடிச்சிருச்சா?" என்றாள் கபூலா.

மறுநாள் காலை அவனே கூப்பிட்டான்.

"தங்கச்சி, ஒரு கோடின்னு வச்சுக்குவோம்."

மறுமுனையில் பேனா கீறும் சத்தம் கேட்டது.

"சரி, எம்பது லட்சம்."

"குறிச்சுக்கிட்டேண்ணே."

"என்னத்தக் குறிச்ச? நீயா ஒரு வெல சொல்லும்மா!"

"நன்றிண்ணே."

அந்த வாரமே கம்பெனி வழக்குப் போட்டது. ஏழு வாரத்தில் நடுவர் தீர்ப்பு வந்தது: கெட்ட எண்ணத்தோடு பதிந்த முகவரி, கம்பெனிக்கே சேர வேண்டியது. அவன் சொன்ன மூன்று விலைகளும் நாள், மணியோடு நான்காம் பக்கத்தில் இருந்தன. மான் படங்களுக்கு ஒரே வரி: நான்கில் ஒன்று வரிக்குதிரை.

அந்தக் கம்பெனியில் அப்போது வேலை பார்த்த ஒருவர் சொல்லி, வெகுநாள் கழித்துத்தான் தெரியவந்தது: செவ்வாய்க்கிழமை மாலையே ஒன்றரைக் கோடியைக் கொடுத்துவிடச் சொல்லி மேலாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார். மறுநாள் பத்து மணிக்கு நயீமா அதைச் சொல்வதாக இருந்தது. மசஞ்சா ஒன்பதேகாலுக்குக் கூப்பிட்டான்.