ஜன்னலில் நின்ற மத்தியானம்

கல்லூரியில் பழைய ஆங்கில நாவல் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தேன். நாயகி ஜன்னலருகே போய் வெளியே பார்த்தாள் என்று ஒரு வரி. அந்த நாவல்களில் மனசு சரியில்லாத பெண்கள் எல்லாரும் இப்படித்தான் வெளியே பார்ப்பார்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

கீழ்வேளூர்ப் பக்கம் எங்கள் மண்வீட்டுக்கு ஒரே ஜன்னல். அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டு அப்பா ஆட்களைச் சேர்த்திருந்தார். பண்ணையாரின் ஆட்கள் அவரைத் தேடினார்கள். ஒளிந்திருந்த அப்பா ஒரு மத்தியானம் பசி தாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அம்மா அவருக்குச் சோறு போட்டுவிட்டு, எட்டு வயதான என்னை ஜன்னலில் நிறுத்தினாள். "யாராச்சும் வந்தா சத்தம் குடு."

வரப்பில் ஐந்து பேர் தடியோடு வந்தார்கள். முன்னால் வந்தவன் என்னை நேராகப் பார்த்தான். வாயைத் திறந்தேன், குரல் எழவில்லை. உள்ளே திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை. பாவாடை நனைந்தது.

கதவை உதைத்துக்கொண்டு நுழைந்தார்கள். "எங்கடி உன் புருசன்?"

"நாகப்பட்டினம் போனவங்க இன்னும் வரலைங்க," என்றாள் அம்மா.

அப்போதுதான் திரும்பினேன். அப்பா அங்கே இல்லை. அவர்கள் பானைகளை உடைத்துவிட்டுப் போனார்கள்.

"நான் சத்தம் குடுக்கலையேம்மா," என்று அழுதேன்.

அம்மா என் பாவாடையை மாற்றினாள். "நீ வரப்பப் பாத்துக்கிட்டு நின்ன. நான் உன் காலையே பாத்துக்கிட்டு நின்னேன். அது நடுங்குனதுமே அப்பாவப் பின்பக்கமா அனுப்பிட்டேன்."

பத்து நாள் கழித்து, கூலி பேசி முடிந்த பிறகுதான் அப்பா திரும்பி வந்தார்.

வகுப்பில் அந்த ஜன்னல் வரியை இன்னொரு முறை வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.