லிந்துலை வீட்டுக்கு வந்துபோன கள்ளன்

"தம்பி, அந்தக் கள்ளி மறுபடியும் நம்ம வைஃபைக்குள்ள வந்துட்டா. உடனே வாங்க!"

லிந்துலையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் கணேசன் முதலாளி போனில் கத்தினார். ஹட்டனில் இருபது வருடமாக வீடு வீடாகப் போய் ரவுட்டர் பூட்டிக் கொடுக்கிறேன். இவரைப் போலப் பொறுமையைச் சோதித்தவர் யாருமில்லை.

அவர் 'கள்ளி' என்றது அவர் வீட்டு மேல் மாடியில் வாடகை அறையில் போர்டிங் இருந்த புவனா டீச்சரை. ரவுட்டரில் பெயர் தெரியாத ஒரு கருவி வரும். முதலாளி அதைத் தடுப்பார். உடனே வீட்டிலுள்ள டெப்பில், அதாவது டேப்லெட்டில், வைஃபை வேலை செய்யாது. மகளோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்த முதலாளியம்மா சத்தம் போடுவார். சில வாரத்தில் டெப் தானாகச் சரியாகும், புதிய கருவி ஒன்றும் தெரியும்.

"நான் அவள தடுத்தா, அவ எங்க டெப்ப நிப்பாட்டுறா. என்னா கெட்டித்தனம் பாருங்க!"

"மொதலாளி, மொதல்ல ஒரு பாஸ்வேர்ட் போடுவோம்னு அன்னைக்கே சொன்னேனே."

"அதெல்லாம் யாரு ஞாபகம் வச்சிக்கிறது? நீங்க ஆளப் பிடிச்சுக் குடுங்க."

டீச்சரை அதற்குள் ரோட்டில் வைத்தே திட்டி, மாத முடிவில் அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டாராம். "நான் என் போன் டேட்டாதான் பாவிக்கிறேன்" என்று டீச்சர் சொன்னதை யாரும் கேட்கவில்லை.

லிந்துலைக்குப் போய் ரவுட்டர் பக்கத்தைத் திறந்தேன். வைஃபை கருவி ஒவ்வொன்றுக்கும் எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு முகவரி உண்டு. தடுக்கப்பட்டிருந்த முகவரிகள் எல்லாவற்றிலும் இரண்டாவது எழுத்து 2, 6, A, E இவற்றில் ஒன்றாக இருந்தது. அப்படியிருந்தால் அது பெரும்பாலும் கருவி தானே உண்டாக்கிக்கொண்ட முகவரி. போகும் இடமெல்லாம் ஒரே எண்ணைக் காட்டினால் நம்மைப் பின்தொடரலாம் என்பதற்காக, இப்போதைய போனும் டெப்பும் சொந்த எண்ணை மறைத்து வேறொன்றைக் காட்டுகின்றன. பாஸ்வேர்ட் உள்ள வீட்டில் அது பொதுவாக மாறாமல் இருக்கும். பாஸ்வேர்ட் இல்லாத இடத்தை நம்பாமல், சில டெப் அதை அடிக்கடி மாற்றிக்கொள்ளும்.

"அம்மா, ஒங்க டெப்ப ஒருக்கா தாங்க."

செட்டிங்ஸில் 'பிரைவேட் வைஃபை அட்ரஸ்' என்ற இடத்தில் 'ரொட்டேட்டிங்', அதாவது மாறிக்கொண்டே இருப்பது, என்றிருந்தது. அதன் கீழே இருந்த முகவரியும், ரவுட்டரில் அன்று வந்திருந்த 'கள்ளி'யின் முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்று.

"நீங்க இவ்வளவு நாளும் தடுத்தது இந்த டெப்பத்தான் மொதலாளி. அது முகவரிய மாத்திக்கிட்டுப் புதுக் கருவி மாதிரி மறுபடி வந்திருக்கு."

முதலாளியம்மா கணவரைப் பார்த்த பார்வையில் எனக்கே வியர்த்தது. பாஸ்வேர்ட் போட்டேன், டெப்பில் முகவரி மாறாதபடி 'ஃபிக்ஸ்ட்' என்று மாற்றினேன், தடுத்ததையெல்லாம் நீக்கினேன். பத்து நிமிட வேலை.

"போறதுக்கு முன்ன டீச்சர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க தம்பி," என்றார் முதலாளி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "திட்டுனது நீங்க. நீங்கதான் போகணும்."

படியேறிப் போனார். டீச்சர் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாராம். டீச்சரின் குரல் கீழே எனக்குக் கேட்டது.

"ரோட்டுல நின்னு கத்துனீங்க. இப்ப ரூமுக்குள்ள வந்து மெதுவா சொல்றீங்க."

முதலாளி இருக்கச் சொல்லிக் கெஞ்சியும், டீச்சர் தலவாக்கலையில் தோழி வீட்டுக்குப் போய்விட்டார்.

இப்போது யாராவது 'வைஃபை கள்ளன்' என்று போன் எடுத்தால் இரண்டு விஷயம் சொல்கிறேன். வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளையும் மேசைமேல் வையுங்கள். நான் வரும்வரை அக்கம்பக்கத்தில் யாரிடமும் வாயைத் திறக்காதீர்கள்.